பதினாறு பிக்சல்ல ஒரு ஆளு: பழைய ஜேஆர்பிஜி கேம்ஸ் ஏன் இன்னும் இழுக்குது

பழைய ஜப்பான் ஆர்பிஜி கேம்ஸ் (ஒரு பாத்திரமா மாறி கதைக்குள்ள பயணம் போற ரோல்-ப்ளேயிங் கேம்ஸ், சுருக்கமா ஜேஆர்பிஜி) பத்தி பேச்சு எடுத்தாலே யாராவது ஒருத்தர் வந்து "அதெல்லாம் சின்ன வயசு ஞாபகம் பாஸ், இப்ப எடுத்து விளையாடுங்க, அரை மணி நேரம் தாங்க மாட்டீங்க"னு சொல்லிட்டுப் போவாரு. எனக்கு இந்த வாதம் செட்டே ஆகல. ஏன்னா இந்த கேம்ஸ்ல பாதிக்கு மேல நான் விளையாடினதே வளர்ந்ததுக்கு அப்புறம் தான், ரீ-ரிலீஸ்ல, ரீமாஸ்டர்ல. 1994-ல வந்த ஃபைனல் ஃபேன்டசி 6 என் கைக்கு வந்தப்போ அது ஏற்கனவே கிழடு தட்டிப் போயிருந்துச்சு, அதோட எனக்கு எந்த பால்ய ஞாபகமும் கிடையாது. ஆனா அந்த ஓப்பனிங் இருக்கு பாருங்க, மூணு பேரு ராட்சச இயந்திரக் கவசத்துல ஏறி பனிக்குள்ள மெதுவா நடந்து போவாங்க, தூரத்துல ஒரு ஊரோட விளக்குகள் மட்டும் தெரியும், மேல பேரு ஓடிட்டிருக்கும், அதைப் பார்த்தப்போ ரொம்ப நாள் முன்னாடி தொலைச்ச ஒண்ணைப் பார்த்த மாதிரி ஒரு ஏக்கம். தொலைக்கவே இல்லாததுக்கு ஏக்கம் எப்படி வரும்?

இதை யோசிச்சு யோசிச்சு நான் வந்து நின்ன இடம் இது தான்: அந்தப் படங்களை கேம் பண்ணவங்க பாதி தான் வரைஞ்சாங்க. மீதிப் பாதிய விளையாடறவங்க மனசுல வரைஞ்சுக்கறோம். நம்ம கை பட்ட பாதி அதுல இருக்கறதால தான் அது முதல் தடவை பார்க்கும்போதே சொந்தமான மாதிரி இருக்கு.

சும்மா கவித்துவமா சொல்லல, டெக்னிக்கலாவே அப்படித் தான். 1986 மே மாசம் ஃபாமிகாம்ல (நின்டெண்டோவோட பழைய கேம் கன்சோல்) முதல் டிராகன் குவெஸ்ட் வருது. மொத்த கேமும் 64 கிலோபைட், கதை, மேப், படம், பாட்டு எல்லாம் சேர்த்து. எழுத்துக்கே இடம் இல்லாம கட்டாகானாங்கற ஜப்பான் எழுத்துல சுமார் இருபதை மட்டும் வெச்சுக்கிட்டு, அந்த எழுத்துக்குள்ள அடங்கற மாதிரி தான் பேரெல்லாம் வெச்சாங்க. ஹீரோ எந்தப் பக்கம் நடந்தாலும் முகம் நம்மளப் பார்த்தே இருக்கும், நண்டு மாதிரி பக்கவாட்டுல நகர்ந்து போவான், திரும்பற படம் வரையவே இடம் கிடையாது. அவன் எந்தப் பக்கம் பார்க்கறான்னே தெரியாததால, யார்கிட்டயாவது பேசணும்னா மெனுல போய் "பேசு" அமுக்கிட்டு, வடக்கா தெற்கா கிழக்கா மேற்கானு வேற சொல்லணும்! 1989-ல அமெரிக்காவுக்குப் போனப்போ தான் அவன் நாலு பக்கமும் திரும்பக் கத்துக்கிட்டான்.

ஃபாமிகாம் ஸ்ப்ரைட்டுக்கு, அதாவது நடமாடற உருவத்துக்கு, ஒரு பேலட்ல (கலர் தொகுப்புல) மூணு கலர் தான், நாலாவது இடம் கண்ணுக்குத் தெரியாத கலருக்குப் போயிடும். அந்த மூணுல ஒண்ணை முக்கால்வாசி நேரம் அவுட்லைனுக்குக் கொடுத்துட்டா பாக்கி ரெண்டு. தோலுக்கு ஒண்ணு, துணிக்கு ஒண்ணு, முடிஞ்சது கதை. இதுல தாடி வெக்கிறதா, கண்ணு வெக்கிறதா, வாள் காட்டுறதாங்கறது ஒவ்வொண்ணும் ஒரு முடிவு. எதை விடறதுனு முடிவு பண்ணத் தெரிஞ்சவன் தான் நல்ல டாட் ஆர்ட்டிஸ்ட், அதாவது பிக்சல் படம் வரையறவன். ஃபைனல் ஃபேன்டசியோட பிளாக் மேஜ்ங்கற மந்திரவாதி ஞாபகம் இருக்கா? கூரா மடங்கின மஞ்சத் தொப்பி, நீல அங்கி, நடுவுல முகமே கிடையாது, இருட்டுக்குள்ள ரெண்டு கண்ணு. அவ்வளவு தான். ஆனா 2000-ல ஒன்பதாவது கேம்ல அதே உருவத்தை விவினு ஒரு சின்னப் பையனா 3டி-ல கொண்டு வந்தப்பவும், முகம் வரைய எல்லா வசதியும் இருந்தும், அந்த இருட்டையும் கண்ணையும் அப்படியே விட்டுட்டாங்க. ரசிகர்கள் மனசுல பதிமூணு வருஷமா அந்த இருட்டுக்குள்ள ஒரு முகம் இருந்துச்சு, அதை அழிக்க யாருக்கு மனசு வரும்.

ஓவியர் அகிரா டோரியாமா பத்தி சொல்லாம இந்தப் பேச்சே ஓடாது. அப்போ அவரோட டிராகன் பால் மாங்கா (ஜப்பான் காமிக்ஸ்) ஓடிட்டிருந்த நேரம், டிராகன் குவெஸ்டை உருவாக்கின யூஜி ஹோரி அவர்கிட்ட அதோட ராட்சசங்களை வரையச் சொல்றாரு. ஸ்லைம்னு ஹோரி கொடுத்த ஸ்கெட்ச் வெறும் சளசளனு பரவிக் கிடக்கிற ஒரு குவியல். டோரியாமா அதை எடுத்து நீர்த்துளி மாதிரி மேல கூரா ஆக்கி, ரெண்டு முழிக் கண்ணு, ஒரு சிரிப்பு வெச்சுட்டாரு. நாம அடிச்சுக் கொல்ல வேண்டிய முதல் எதிரியே நம்மளப் பார்த்து இளிக்குது. அது எத்தனை குறைஞ்ச பிக்சல்லயும், எவ்வளவு மங்கின டிவிலயும், நிழல் மட்டும் தெரிஞ்சாக்கூட அது ஸ்லைம்னு தெரியும். வெளிக்கோடு தான் அவரோட பலம்னு நான் நினைக்கிறேன், உள்ள என்ன ஷேடிங் பண்ணாருங்கறது ரெண்டாம்பட்சம். அதுவும் கலரை மாத்தினா புது எதிரி ரெடி, நீலம் சாது, சிவப்பு கொஞ்சம் முரடு, உலோகக் கலர்னா அடிச்சா அனுபவப் புள்ளி கொட்டும் ஆனா கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிப் போயிடும். இடத்தை மிச்சம் பிடிக்கப் பண்ண வேலை தான் இந்தக் கலர் மாத்தற வேலை, ஆனா விளையாடறவனுக்கு அது ஒரு பாஷையாவே ஆயிடுச்சு. 2024 மார்ச்ல டோரியாமா போனப்போ எத்தனையோ பேரு ஸ்லைமை வரைஞ்சு போட்டாங்க, ஒருத்தருக்கும் தப்பா வந்திருக்காது, ஏன்னா தப்பா வரைய முடியாத அளவுக்கு எளிமையான உருவம் அது.

ஃபைனல் ஃபேன்டசி இதுக்கு நேர் எதிர் ரூட்டு. யோஷிடாகா அமானோவோட ஓவியம் பார்த்திருப்பீங்க, வாட்டர்கலர், வெளிறின முகம், காத்துல பறக்கிற துணி, எங்க கை முடியுது எங்க துணி ஆரம்பிக்குதுனே தெரியாது. அதை அப்படியே பிக்சலுக்கு மாத்தவே முடியாது, யாரு நினைச்சாலும் முடியாது. ஃபைனல் ஃபேன்டசி பண்ண ஸ்கொயர் கம்பெனில கசுகோ ஷிபுயா தான் முதல் ஆறு கேமுக்கும் டாட் வேலைல முக்கியமான ஆளு, அவங்க கையில இருந்த இடம் அகலம் 16 பிக்சல், உயரம் 24 பிக்சல். அமானோவோட ஒரு முடிக்கற்றைக்குக் கூட அது பத்தாது. அவங்க என்ன பண்ணாங்கன்னா அமானோவை நகல் எடுக்கிற முயற்சியையே விட்டுட்டு, தலை பெருசு உடம்பு சிறுசுனு குட்டி உருவமா, கிட்டத்தட்ட பொம்மலாட்டப் பொம்மை மாதிரி ஆக்கிட்டாங்க. இப்ப விளையாடறவன்கிட்ட ரெண்டு படம் இருக்கு, பெட்டி மேலயும் கையேட்டுலயும் அமானோ, டிவில ஷிபுயா. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. நடுவுல நம்ம மூளை மூணாவதா ஒரு டெர்ராவை, ஒரு செலஸை (ஆறாவது கேமோட நாயகிங்க) உருவாக்கிக்கும். அந்த மூணாவது ஆளை எந்த ஆர்ட்டிஸ்ட்டும் வரையல, எந்த ஆர்ட் புக்லயும் கிடைக்காது.

அந்தப் பொம்மைங்க நடிக்கிற நடிப்பு இருக்கே, அது தனி. நாலு, அஞ்சாவது கேம்ல எல்லாம் ஊருக்குள்ள நடக்கும்போது 16க்கு 16 உருவம், சண்டைல தான் பெரிய உருவம். ஆறாவதுல எல்லா இடத்துலயும் பெரிய உருவமே நடமாட ஆரம்பிச்சதுல கதை சொல்ற விதமே மாறிப் போச்சு. தலையைக் குனியிறது, திடுக்குனு கை ரெண்டையும் விரிக்கிறது, விரலை ஆட்டறது, குலுங்கிச் சிரிக்கிறது, மண்டி போடறது. கையில இருக்கிற சீட்டு அவ்வளவு தான், இதையே திரும்பத் திரும்ப வேற வேற வரிசைல போட்டு ஒரு முழு ஆபரா நாடகத்தையே நடத்திட்டாங்க. தலை குனியற படம் ஒண்ணே ஒண்ணு தான். வெக்கத்துக்கும் அது தான், துக்கத்துக்கும் அது தான், மன்னிப்புக்கும் அது தான். எதுக்குக் குனியறாங்கங்கறதைப் பாட்டும் வசனமும் நம்மகிட்ட விட்டுடும். இப்ப வர கேம்ஸ்ல ஒரு கேரக்டர் அழுதா புருவம் எத்தனை மில்லிமீட்டர் சுருங்குதுங்கறது வரைக்கும் தெரியுது, நல்லா தான் இருக்கு, ஆனா அங்க நான் செய்ய வேண்டிய வேலை எதுவும் பாக்கி இல்ல.

உலக மேப்பும் அதே கதை தான். மேப்ல ஒரு ஊரும் ஹீரோவும் ஒரே சைஸ். மலை அவன் தோள் உயரம். நாலு அடி நடந்தா ஒரு காடு முடிஞ்சிடும். இதைப் பார்த்து யாரும் "என்னடா இது, ஊரு இவன் முட்டி அளவு இருக்கு"னு கேட்டதில்ல, ஏன்னா அந்த நாலு அடிக்குள்ள மூணு நாள் பயணம் இருக்குனு நாமளே ஒத்துக்கிட்டோம். இன்னிக்கு ஓப்பன் வேர்ல்டுனு நிஜமாவே பல மணி நேரம் நடக்கிற மாதிரி மேப் பண்றாங்க, அதுல உலகம் பெருசா இருக்கு, ஆனா ஏனோ எனக்குத் தூரம் குறைஞ்சு போன மாதிரி தான் படுது. ஃபாமிகாமுக்கு அடுத்த கன்சோலான சூப்பர் ஃபாமிகாம் வந்ததும் மோட் 7-னு ஒரு வசதி, ஒரு பேக்ரவுண்டு லேயரை மட்டும் சுத்தலாம், பெருசு சிறுசாக்கலாம், வரிக்கு வரி அளவை மாத்தினா தரை சாய்ஞ்சு தொடுவானம் வரைக்கும் போற மாதிரி தெரியும். பறக்கும் கப்பல் கிடைச்ச உடனே அதுவரைக்கும் நாள் கணக்கா நடந்து நடந்து தேய்ச்ச பூமி கீழ ஒரு ஜமக்காளம் மாதிரி விரியும். அது தட்டையான ஒரு படம் தான்னு தெரிஞ்சும் வயித்துல ஒரு ஜிவ்வு.

கலர் விஷயத்துல எனக்குப் பிடிச்ச தந்திரம் பேலட் மாத்தறது. அருவி ஓடற மாதிரி தெரியும், ஆனா படம் மாறவே இல்ல, நீலத்துல நாலஞ்சு ஷேடு வரிசையா இடம் மாறிட்டே இருக்கும், அவ்வளவு தான். 1988-ல டிராகன் குவெஸ்ட் 3 இதே வழியில பொழுதையே கொண்டு வந்துச்சு. மேப்ல நடக்க நடக்க பச்சை மங்கும், அப்புறம் இருட்டும், அதே மரம் அதே கடல், கலர் எண்கள் மட்டும் வேற. ராத்திரி ஊருக்குள்ள போனா கடை சாத்தியிருக்கும், ஆளுங்க தூங்கிட்டு இருப்பாங்க. அந்தக் காலத்துக்கு இது என்ன மாதிரி இருந்திருக்கும்னு நினைச்சா எனக்குப் பொறாமையா இருக்கு.

அப்புறம் வசனம் வர விண்டோ! டிராகன் குவெஸ்ட்னா கறுப்புப் பெட்டி வெள்ளைக் கரை, ஃபைனல் ஃபேன்டசினா நீலப் பெட்டி, பக்கத்துல வெள்ளைக் கையுறை போட்ட ஒரு விரல். எழுத்து ஒண்ணொண்ணா பிப் பிப்னு வந்து விழும். குரல் நடிப்பு கிடையாது, ஆனா எழுத்து விழற வேகமே குரல் மாதிரி ஆயிடும், நடுவுல ஒரு நிமிஷம் நின்னு அப்புறம் மூணு புள்ளி வந்தா அது பெருமூச்சு.

சிஆர்டி டிவி, அதாவது பழைய ட்யூப் டிவி பத்தியும் சொல்லணும், ஏன்னா இங்க தான் நிறைய பேரு ஏமாந்து போறாங்க. இன்னிக்கு நெட்ல பழைய கேம்னு ஷேர் பண்ற ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் கூர்மையான சதுரம் சதுரமா இருக்கும், ஆனா அந்தக் காலத்துல அந்தச் சதுரத்தை யாருமே அப்படிப் பார்த்தது கிடையாது. ட்யூப் டிவில ஒவ்வொரு பிக்சலும் பக்கத்து பிக்சல் மேல லேசா கசியும், வரிக்கு நடுவுல மெல்லிசா இருட்டுக் கோடு விழும். கன்னத்துல ஒரு பிக்சல் அடர் நிறம் வெச்சா அது பருவா தெரியாம நிழலா தெரியும். வரைஞ்சவங்களும் டிவில எப்படி விழுதுனு பார்த்துப் பார்த்துத் தான் வரைஞ்சாங்க. இன்னொண்ணு, சூப்பர் ஃபாமிகாம் பெரும்பாலும் தள்ளினது 256க்கு 224 படம், அதை 4:3 டிவி கொஞ்சம் அகலமா இழுத்துக் காட்டும், பிக்சல் சதுரமே கிடையாது. அதனால இன்னிக்கு ஒல்லியாத் தெரியிற பல ஆளுங்க அன்னிக்கு அந்த அளவுக்கு ஒல்லி இல்ல. 2021-ல ஃபைனல் ஃபேன்டசி பிக்சல் ரீமாஸ்டர் வந்தப்போ ஷிபுயாவே மேற்பார்வை பார்த்து உருவங்களைத் திருத்தினாங்க, அது வரைக்கும் ஓகே, ஆனா அதோட ஆங்கில எழுத்து ஃபான்ட் ஒல்லியா நெருக்கியடிச்சு இருந்துச்சு பாருங்க, பிக்சல் உலகத்துக்கு நடுவுல ஆபீஸ் நோட்டீஸ் ஒட்டின மாதிரி, ஜனங்க கத்தின கத்துல 2023 கன்சோல் வெர்ஷன்ல பிக்சல் ஃபான்ட்டும் சிஆர்டி ஃபில்டரும் சேர்த்தாங்க. ஒரு ஃபான்ட்டுக்கு இவ்வளவு ரகளையானு சிரிச்சவங்க இருக்காங்க. நான் ரகளை பண்ண கட்சி.

எல்லாம் டிராகனும் கோட்டையும் தானானு கேட்டா, 1994-ல வந்த மதர் 2-வைப் பாருங்க. ஷிகேசாட்டோ இட்டோய் உருவாக்கினது, வெளிநாட்டுல எர்த்பவுண்டுனு பேரு. சாய்ஞ்ச கோணத்துல தெருவு, கடை, சைக்கிள், தொப்பி போட்ட பையன், குழந்தை க்ரேயான்ல வரைஞ்ச மாதிரி பளிச்சுனு கலர். ஆனா சண்டை வந்தா பின்னாடி வளைஞ்சு நெளிஞ்சு ஓடற டிசைன், ஊரு மொத்தமும் கரைஞ்சு போயிடும். இவ்வளவு சந்தோஷமா தெரியிற படத்துக்குள்ள இவ்வளவு பயத்தை ஒளிச்சு வெச்ச கேம் அப்புறம் வந்ததெல்லாம் இதைப் பார்த்துத் தான் வந்துச்சுங்கறது என் கணிப்பு.

1995 மார்ச்ல க்ரோனோ ட்ரிகர். ஃபைனல் ஃபேன்டசியை உருவாக்கின சகாகுச்சி, ஹோரி, டோரியாமா மூணு பேரும் ஒண்ணா. டிராகன் குவெஸ்ட் 64 கிலோபைட்ல இருந்துச்சுல, இது 4 மெகாபைட், ஒன்பது வருஷத்துல அறுபத்து நாலு மடங்கு. அந்த இடத்தை எல்லாம் எதுல செலவு பண்ணாங்கன்னா, தனி சண்டைத் திரையே வேணாம்னு பல இடத்துல நடந்துட்டிருக்கிற அதே மேப்லயே சண்டையை வெச்சாங்க, எதிரிங்க புதருக்குள்ள இருந்து குதிச்சு வருவாங்க. கதைல கி.மு. 12000-ல மேகத்துக்கு மேல மிதக்கிற ஜீல் ராஜ்ஜியம், கீழ பனிக்காலம், மேல ஒரே பச்சையும் பொன்னும். 16-பிட் பிக்சல் ஆர்ட்டோட உச்சம் எதுனு கேட்டா நான் இதைத் தான் சொல்வேன், ஃபைனல் ஃபேன்டசி 6 ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், வாங்க பேசலாம்.

பிளேஸ்டேஷன் வந்ததும் எல்லாம் மாறுது. 1997 ஜனவரில ஃபைனல் ஃபேன்டசி 7, மூணு சிடி. பின்னணி எல்லாம் முன்கூட்டியே கம்ப்யூட்டர்ல ரெண்டர் பண்ணி ஒட்டின படம், அது மேல டெக்ஸ்சரே பெருசா இல்லாத கட்டை விரல் மாதிரி கையோட பாலிகன் (3டி துண்டுகளை ஒட்டிச் செஞ்ச) மனுஷங்க. கதவு எங்க, வெறும் சுவரு எங்கனு தெரியாம ஜனங்க திணறுவாங்கனு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு, செலக்ட் பட்டனை அமுக்கினா வழி காட்ட அம்புக்குறி வரும். சண்டை வந்தா அதே ஆளுங்க திடீர்னு சரியான உடம்போட நிப்பாங்க. பிளேஸ்டேஷன்ல பாலிகன் முனைகள் முழு எண்ல தான் நிக்கும், அதனால நடக்கும்போது எல்லாம் லேசா நடுங்கும். அன்னிக்கு இது குறை. இன்னிக்கு அந்த நடுக்கத்தை வேணும்னே போலி பண்ணி இண்டி கேம்ஸ் வருது.

எல்லாரும் 3டி 3டினு ஓடின அதே நேரத்துல 1998-ல சுய்கோடென் 2 பிடிவாதமா 2டி-ல நின்னுச்சு, 1999-ல லெஜண்ட் ஆஃப் மானா ஒவ்வொரு திரையையும் ஓவியமாவே வரைஞ்சு கொடுத்துச்சு. அப்போ "பழைய ஸ்டைல்"னு சொன்னாங்க. இப்ப பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா எது பழசாத் தெரியுதுனு நீங்களே சொல்லுங்க.

இப்ப எச்டி-2டி அலை. 2018-ல ஆக்டோபாத் டிராவலர், 2022-ல லிவ் எ லிவ் ரீமேக், 2024-ல டிராகன் குவெஸ்ட் 3. பிக்சல் ஆளு, சுத்தி 3டி உலகம், நிஜ வெளிச்சம், முன்னாடியும் பின்னாடியும் கேமரா ஃபோகஸ் போன மாதிரி மங்கல். முதல் தடவை பார்த்தப்போ வாயைப் பொளந்துட்டு நின்னேன். அப்புறம் கொஞ்சம் சலிச்சுப் போச்சு. ஏன்னா அங்க தண்ணி நிஜத் தண்ணி மாதிரி பளபளக்குது, தூசி வெளிச்சத்துல மிதக்குது, ஆனா ஆளு மட்டும் பிக்சல், அதனால எல்லாம் உண்மையான ஒரு உலகத்துல இந்த ஆளு மட்டும் குறை வெச்ச மாதிரி நிக்கறான். பழைய கேம்ல மரமும் ஆளும் ராட்சசனும் ஒரே அளவு பொய். அந்தச் சமநிலை தான் நம்மள உள்ள இழுத்துச்சு. மங்கல் எஃபெக்டைக் குறைச்சா பாதிப் பிரச்சனை தீரும்னு தோணுது, அந்த டீம்ல யாராவது தமிழ் படிச்சா நல்லா இருக்கும்.

எல்லாமே பொன்னுனு சொல்ல வரல. ஃபாமிகாம் காலத்துக் குகைங்க எல்லாம் அதே பழுப்புச் சதுரம் முந்நூறு தடவை, அஞ்சு அடிக்கு ஒரு சண்டை, ஊருக்கு ஊரு அதே பாட்டி. 2டி-ங்கற ஒரே காரணத்துக்காக இதையும் ரசிக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல.

இதுவரைக்கும் தொட்டதே இல்லனா க்ரோனோ ட்ரிகர்ல ஆரம்பிங்க, கணினியிலயும் போன்லயும் கிடைக்குது. சுய்கோடென் முதல் ரெண்டும் 2025 மார்ச்ல ரீமாஸ்டர் ஆகி வந்திருக்கு. செட்டிங்ஸ்ல பிக்சலை எல்லாம் கொழகொழனு வழிச்சு விடற ஸ்மூத் ஃபில்டர் இருந்தா முதல் வேலையா அதை ஆஃப் பண்ணுங்க, சிஆர்டி ஃபில்டர் இருந்தா ஆன் பண்ணுங்க, திரையை 16:9-க்கு இழுக்காதீங்க. சண்டை அலுத்தா ஃபாஸ்ட் ஃபார்வர்டு தாராளமா அமுக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா டெக்ஸ்ட் ஸ்பீடை மட்டும் கூட்டிடாதீங்க.